வேலிக் கட்டையும் எழுதுகோலும்

சென்ற கோடை விடுமுறையில் எம் பள்ளியின் பழைய விசிப்பலகைகளைச் செப்பனிடுதற்கு முதிய தச்சர் ஒருவர் வந்திருந்தார். வேலை முடிந்த பின்னர், தரையிற் சிதறிக் கிடந்த தேக்குத் துண்டுகளை, ஒரு சாணளவே உள்ளனவற்றையுங்கூட, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோணிப்பையில் இட்டுக்கொண்டார். அடுப்பெரிக்கவோ என்று யான் வினவினேன். அவர் சற்றே வருத்தத்துடன் என்னை நோக்கி, "வாத்தியார் ஐயா, இதை அடுப்பில் வைக்க மனம் வருமா? என் பேரன் கடைசல் பட்டறை வைத்திருக்கிறான். இதைச் சதுரக் குச்சியாக அறுத்து, நடுவில் துளை போட்டுப் பேனாவாகக் கடைந்துவிடுவான். ஒரு சாண் கட்டை இருந்தால் ஒரு பேனா" என்றார்.

அவர் சென்ற பின்னரும் அம்மொழி என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. எழுதுகோல் ஒன்றிற்கு வேண்டும் மரம் மிகச் சிறிது; ஆதலின் பிறர் கழித்த மரமே அதற்குப் போதுமானதாகும். இவ்வுண்மையைப் பெருந்தொழில் நடத்துவோரும் ஒரு காலத்தில் உணர நேர்ந்தது. ஆனால் அவர்கள் உணர்ந்தது, காட்டையெல்லாம் அழித்து முடித்த பின்னரேயாம். உழவர்தம் பழைய வேலிக் கட்டைகளைத் தேடிச்சென்று வாங்கி, அவற்றை அறுத்துப் பென்சில் செய்த அவ்வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டுக் கூற விழைகின்றேன். அது நிகழ்ந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். நம்மவருள் மரத்தொழில் புரிவோர்க்கு இதன் நுட்பங்கள் என்னினும் நன்கு விளங்கும்.

பென்சில் என்றவுடன் நமக்கு நினைவில் வருவது அதனுள் இருக்கும் கரியே. அதனைக் காரீயம் என்று வழங்குவது பிழை. அதில் ஈயம் அணுவளவும் இல்லை. இங்கிலாந்தின் வடபாலுள்ள பாரோடேல் என்னும் பள்ளத்தாக்கிற் பதினாறாம் நூற்றாண்டில் வெளிப்பட்ட கிராபைட் என்னும் கனிப்பொருளே அது. அக்காலத்தார் அதனை ஈயத்தின் ஒரு வகை என்று மயங்கினர். மயக்கம் நீங்கியும் பெயர் நீங்கவில்லை. ஆடுகளுக்கு அடையாளக் கோடிடுதற்கு இடையர்கள் கையாண்ட அப்பொருள் பின்னர் எத்துணை அருமையுடையதாயிற்று என்பதற்கு, அதனைக் களவாடுவோரைக் கடுங்குற்றவாளிகளாகக் கொண்டு 1752-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியதே சான்றாகும்.

நிற்க. கிராபைட் தொட்டவர் கையைக் கரியாக்கும். சிறிது அழுத்தின் முறியும். அதனை எழுதுகருவியாக்கியது மரவுறையே. சுவிட்சர்லாந்து தேயத்துப் பேரறிஞர் கான்ராட் கெஸ்னர் 1565-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மரக்கைப்பிடியிற் செருகிய அத்தகைய எழுதுகோல் ஒன்றன் படம் காணப்படுகின்றது. பென்சில்களுள் மிகப் பழையது எனப் போற்றப்படுவதோ, 17-ஆம் நூற்றாண்டு வீடொன்றின் கூரை மரங்களுக்கிடையே அகப்பட்ட தச்சர் பென்சில் ஆகும். வேலைசெய்த தச்சர் மறந்து வைத்துவிட்டுப் போனார் போலும்! செருமனியிலுள்ள ஃபேபர்-காஸ்டல் குடும்பத்தார் இன்றும் அதனைத் தம் சேமிப்பிற் பாதுகாத்து வருகின்றனர்.

அச்செருமனி நாட்டின் நூரம்பெர்க் நகரத்தில் அந்நாளில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கரியைச் செய்பவர் கரியை மட்டுமே செய்தல் வேண்டும்; மரவுறை தச்சர்க்கே உரியது; ஒருவரே இரண்டனையும் செய்தல் கூடாது என்பது அது. 1662-ஆம் ஆண்டு நகரக் குறிப்புக்களிற் பெயர் காணப்படும் பிரடெரிக் ஸ்டெட்லர் என்பார் முழுப் பென்சிலையும் தாமே செய்ய முற்பட்டு, இக்கட்டுப்பாட்டோடு முரணினார். தொழிலுக்குத் தொழில் எழுப்பிய இச்சுவர் நெடுங்காலம் நிற்கவில்லை. எனினும், மரவுறை என்பது கரிக்கு ஏவல் செய்யும் பொருளன்று, தனியே ஒரு தொழிலாளரின் உரிமையாக மதிக்கப்பட்டது என்பதை இச்செய்தி நமக்குக் காட்டுகின்றது.

அமெரிக்காவிலும் பென்சிற்றொழிலைத் தொடங்கியவர் ஒரு தச்சரே. மாசசூசெட்ஸ் நாட்டுக் கான்கார்டு என்னும் ஊரில் வில்லியம் மன்றோ என்பவர் மரப்பெட்டிகளும் கடிகாரக் கூடுகளும் செய்து வாழ்ந்து வந்தார். 1812-ஆம் ஆண்டில் இங்கிலாந்தோடு போர் மூண்டது. மரச்சாமான்களை வாங்குவார் இல்லை. ஆங்கிலப் பென்சில்கள் வரும் வழியும் அடைபட்டது. தொழிலிழந்த மன்றோ, பென்சிலைத் தாமே செய்தால் என்னவென்று எண்ணினார். கிராபைட்டைச் சம்மட்டியால் தட்டிப் பொடித்து, நீரிற் கரைத்துத் தெளியவைத்து, பசையொடு குழைத்துப் பார்த்தார். முதன்முறை பயன்படவில்லை. பின்னும் முயன்று, அவ்வாண்டு சூலைத் திங்களில் ஏறத்தாழ 30 பென்சில்களைப் பாஸ்டன் நகர வணிகர் ஒருவரிடம் கொண்டுபோய் விற்றார். கலவையின் மறையைத் தம் மனைவியன்றிப் பிறர் ஒருவரும் அறியாதபடி காத்தாராம். ஆனால் என் கருத்தில், அவரைக் காப்பாற்றியது அக்கலவையன்று. பலகையை மெல்லிதாக இழைக்கவும், அதிற் காடி எடுக்கவும், காடியிற் கரியை வைத்து மேலே மற்றொரு பலகையைப் பசையிட்டு இறுக்கவும் அவர் கைக்கு முன்பே தெரிந்திருந்தது. பெட்டி செய்யும் பட்டறையே பென்சிற் பட்டறையாயிற்று.

இனி அம்மரத்தைப் பற்றிச் சிறிது கூறுவாம். பென்சிலுக்கென்றே பிறந்தது போன்ற மரம் அமெரிக்காவின் கீழ்ப்பகுதியில் வளரும் சிவப்புச் சிடார். (சீடர் என்று எழுதின் மாணாக்கர் என்று பொருள்பட்டு, பள்ளிப் பிள்ளைகள் நகைப்பர்; ஆதலின் சிடார் என்றே எழுதுகின்றேன்.) பெயர் சிடார் எனினும், அது நம் இமயத்துத் தேவதாருவின் இனமன்று, ஜூனிப்பர் என்னும் வேறோர் இனத்தைச் சார்ந்தது. அகத்தே காழுடையதை மரமென்றும், புறத்தே காழுடையதைப் புல்லென்றும் தொல்காப்பியனார் மரபியலில் வகுத்திருப்பதை அன்பர்கள் அறிவர். இச்சிடாரின் அகக்காழ் செந்நிறமும் நறுமணமும் உடையது. பூச்சியும் ஈரமும் அதனை எளிதில் அணுகமாட்டா. காழைச் சூழ்ந்த வெளிறோ வெண்ணிறமானது. மண்ணிற் கிடப்பின் விரைவில் மட்கும். யாவற்றினும் மேலாக, கூர்ங்கத்தி கொண்டு சீவும்போது இம்மரத்தின் காழ் சிம்பு தெறியாமல், வெண்ணெய் போல் வழுவழுப்பாகச் சுருண்டு விழும். எழுதுவோன் ஒவ்வொரு நாளும் தன் கையாற் சீவ வேண்டிய பொருளுக்கு இதனினும் சிறந்த குணம் யாது?

இதனை நன்கறிந்தவர்கள் செருமானியரே. ஃபேபர் குடும்பத்து எபர்ஹார்டு ஃபேபர் 1848-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் வந்து குடியேறினார். பென்சில் விற்பதோடு, சிடார் மரத்தைச் செருமனிக்கு அனுப்புவதும் அவர் தொழிலாயிருந்தது. புளோரிடா நாட்டின் மேல்கரையிற் சிடார் கீ என்று மரத்தின் பெயராலேயே வழங்கும் தீவுகள் உள்ளன. அவ்விடத்தில் அவருடைய அறுப்பாலை எழுந்தது. அடிமரங்கள் ஆற்றிலும் கடலிலும் மிதந்து வந்தன; பென்சிலளவுப் பலகைகளாகக் கப்பலேறிப் போயின. 1861-இல் நியூயார்க்கிலேயே அவர் பென்சிலாலையும் நிறுவினார். ஜோசப் டிக்ஸன் என்னும் மற்றொருவர், நிமிடத்திற்கு 132 பென்சில்களை இழைத்துத் தள்ளும் பொறியொன்றிற்கு 1866-இல் உரிமை பெற்றார். மன்றோ இழைப்புளி கொண்டு செய்த வேலை எங்கே, இஃது எங்கே!

பொறியின் பசிக்கு ஈடுகொடுக்கும் ஆற்றல் காட்டுக்கு இல்லை. சிடார் மெல்ல வளரும் மரம். அறுப்பாலையார்க்கு வேண்டியதோ கணுவற்ற, நேரான, முதிர்ந்த காழ் மட்டுமே. ஆதலின் சிறந்த அடித்துண்டை எடுத்துக்கொண்டு, எஞ்சியதைக் காட்டிலேயே விட்டுச் சென்றனர். தரையோடு அறுக்கும் பொறுமையும் இல்லாமையால், முழங்காலளவு அடிக்கட்டைகள் ஆங்காங்கே நின்றன. நாற்பதாண்டுகளிற் புளோரிடாவின் நல்ல சிடார் அருகிப்போயிற்று. 1896-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் இறுதியிற் பெரும் புயலும் கடற்பெருக்கும் சிடார் கீயைத் தாக்கி, அங்கிருந்த ஆலைகளை அழித்தன. அவை மீண்டும் எழவில்லை. புயலே அத்தொழிலை அழித்தது என்று சிலர் கூறுவர். அறுப்பதற்கு மரம் இருந்திருப்பின் ஆலையை மீண்டும் கட்டியிருப்பர் என்பது என் துணிபு.

இதன்பின் பென்சில் முதலாளிகளின் கண் உள்நாட்டிலுள்ள டென்னசி மாகாணத்தின்மேற் சென்றது. அங்கும் சுண்ணக்கற்பாறை நிலங்களில் இம்மரம் செழித்திருந்தது. மர்ஃப்ரீஸ்பரோ என்னும் ஊரருகே 1862-ஆம் ஆண்டின் இறுதி நாளில் தொடங்கிய உள்நாட்டுப் போர்க்களம் ஒன்று இச்சிடார்க் காட்டினுள்ளேயே நடந்தது என்றால், அதன் அடர்த்தியை ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கும் நல்ல மரம் குறைந்தது. அப்போதுதான், காட்டில் இல்லாத மரம் வயலின் வரப்பில் இருப்பதை அவர்கள் கண்டனர்.

அந்நாட்டுப் பழைய வேலி நம் முள்வேலி போன்றதன்று. அடிமரத்தை ஆப்பும் சம்மட்டியும் கொண்டு நெடுக்கே பிளந்து, பத்தடி நீளமுள்ள கட்டைகளாக்கி, அவற்றின் நுனிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே அடுக்கிச் செல்வர். வேலி பாம்பு நெளிவதுபோல் வளைந்து வளைந்து போகும். தூண் வேண்டா, ஆணி வேண்டா. ஆனால் மரம் ஏராளமாக வேண்டும். இக்கட்டைகளைப் பிளப்பது அந்நாளைய உழவர் குடும்பத்து இளைஞர்களின் வேலை. ஆபிரகாம் லிங்கன் 1860-இல் தலைவர் பதவிக்கு நின்றபோது, அவர் இளமையிற் பிளந்தவை என்று வேலிக்கட்டைகளைக் கூட்டத்திற்குத் தூக்கி வந்து காட்டி, கட்டை பிளப்பவர் என்றே அவரைப் புகழ்ந்தனர். சிடார் மலிந்த டென்னசியில் உழவர்கள் சிடாரையே பிளந்து வேலியிட்டனர். மழையிலும் பனியிலும் மட்காத மரம் அஃதன்றோ?

1874-ஆம் ஆண்டில் ஜோசப் கிளிடன் என்பார் முட்கம்பிக்கு உரிமை பெற்றார். மலிவான கம்பி நாடெங்கும் பரவிற்று. நெளிந்து சென்ற பழவேலி இடத்தை அடைத்தது. அதனடியிற் களை மண்டிற்று. உழவர்க்கு அஃது ஒரு சுமையாகவே தோன்றிற்று. இந்நிலையிற் பென்சிற்பலகை அறுப்போர் அவர்தம் வாயிலில் வந்து நின்று, "உம் பழைய கட்டைகளைத் தாரும்; புதிய கம்பிவேலி இட்டுத் தருகின்றோம்" என்றனர். ஷெல்பிவில் என்னும் ஊரில் இவ்வாணிகத்தை நடத்தியவர் ஜேம்ஸ் ராஃபர்டு மஸ்கிரேவ். அவர் வேலிக்கு வேலி மாற்றிப் பெற்ற கட்டைகளை அறுத்துப் பலகைகளாக்கிச் செருமனிக்கு அனுப்பி வந்தார். வேலிகளோடு நில்லாமல், சிடாரால் இயன்ற பழங்குடில்களின் சுவர்களையும், களஞ்சியங்களின் உத்தரங்களையும், முன்னோர் வெட்டியபின் நின்ற அடிக்கட்டைகளையும்கூடப் பென்சிற்றொழிலார் விலைகொடுத்து வாங்கினர். ஒரு தலைமுறைக்கு முன் குப்பையென்று காட்டில் விட்டுச்சென்ற அடிக்கட்டையை மறு தலைமுறையார் தோண்டி எடுத்தனர் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

பழங்கட்டை புதுமரத்திற்குத் தாழ்ந்ததோ என்று சிலர் ஐயுறலாம். நம் தச்சரைக் கேட்டால் தக்க விடை கிடைக்கும். பச்சை மரத்தை அறுத்தாற் பலகை வளையும், பிளக்கும். அதனை நெடுநாள் உலர்த்தல் வேண்டும். பல்லாண்டு வெயிலிலும் காற்றிலும் கிடந்த வேலிக்கட்டையோ தானே உலர்ந்து முடிந்தது. அதிலிருந்த வெளிறு காலத்தால் மட்கி உதிர்ந்துபோக, எஞ்சி நின்றது பெரிதும் செங்காழே. மேற்புறம் சாம்பல் நிறமாகப் பார்ப்பதற்கு அருவருப்பாயினும், ஒரு நூலளவு இழைத்தவுடன் உள்ளே செந்நிறமும் மணமும் புதிதாய் வெளிப்படும். ஆணியின்றி அடுக்கிய வேலியாதலின், ரம்பத்தின் பல் உடையும் என்ற அச்சமும் இல்லை. கட்டை கோணலாயிருப்பினும் கேடில்லை. வீட்டுக்கு உத்தரம் வேண்டுவோர்க்குப் பதினைந்தடி நேர்மரம் வேண்டும். பென்சிலுக்கு வேண்டுவது ஏழேகால் அங்குலமே. கணுவுக்கும் கணுவுக்கும் இடையே அவ்வளவு நேர்மை எந்தக் கோணற் கட்டையிலும் உண்டு.

அறுக்கும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். கட்டையைப் பென்சிலினும் சிறிது நீளமான துண்டுகளாக்கி, அவற்றைக் கால் அங்குலத்திற்கும் குறைந்த கனமுள்ள சிறுபலகைகளாக வாள் கொண்டு அறுப்பர். இக்காலத்துப் பலகையின் அகலம் ஏறத்தாழ இரண்டேமுக்கால் அங்குலம். அதன் ஒரு முகத்தில் ஒன்பது அரைவட்டக் காடிகள் எடுத்து, காடிதோறும் கரிக்குச்சியைக் கிடத்தி, அவ்வாறே காடியெடுத்த மற்றொரு பலகையைப் பசையிட்டு மேலே கவிழ்த்து இறுக்கி உலரவிடுவர். பின்னர் மேலும் கீழும் இழைத்தால் ஒன்பது பென்சில்கள் தனித்தனியே பிரிந்துவிடும். புதுப் பென்சிலின் முனையைக் கூர்ந்து நோக்கின், இரு மரங்களின் பொருத்துவாய் மெல்லிய கோடாகத் தெரியும். என் மாணாக்கர் பலர், துளையிட்டே கரியைச் செருகுகின்றனர் என்று எண்ணியிருந்தனர். பென்சில் ஒன்றனை நீரில் ஊறவைத்துப் பிளந்து காட்டிய பிறகே நம்பினர்.

இத்தனை முறை அறுக்கும்போது மரத்தின் பெரும்பகுதி தூளாகவும் சுருளாகவும் போய்விடும். அதனையும் அவர்கள் எறியவில்லை. கொதிநீராவி செலுத்தி அத்தூளிலிருந்து மணமுள்ள எண்ணெய் வடித்தனர். சவர்க்காரத்திற்கும் அந்துப்பூச்சியை ஓட்டுதற்கும் அவ்வெண்ணெய் பயன்பட்டது. அதனினும் வியப்பானது ஒன்றுண்டு. நுண்பெருக்கிக் கண்ணாடியின் முகவில்லைக்கும் பார்க்கும் பொருளுக்கும் இடையே இச்சிடார் எண்ணெயை ஒரு துளி இட்டால், கண்ணாடியும் எண்ணெயும் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் வளைப்பதனால் உருவம் தெளிவுறும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் நெடுங்காலம் நோய்க்கிருமிகளை ஆராய்ந்தோர் இவ்வெண்ணெய் கொண்டே அவற்றைக் கண்டனர். பென்சில் அறுத்த தூளுக்கு வந்த பெருமை இது.

முதல் உலகப்போர் மூண்டு செருமனிக்குக் கப்பல் போவது நின்றவுடன், மஸ்கிரேவின் பலகைகளுக்கு வாங்குவோர் இல்லையாயினர். அவர் மனந்தளராது, 1916-இல் ஷெல்பிவில்லிலேயே பென்சிலாலை தொடங்கினார். அதனைப் பின்பற்றிப் பிற ஆலைகளும் எழவே, அவ்வூருக்குப் பென்சில் நகரம் என்ற பெயரும் வாய்த்தது. ஆனால் வேலிகளும் எத்துணை நாள் வரும்? வேலி என்பது ஒருமுறை விற்கும் பொருள். விற்றவன் வரப்பில் மீண்டும் சிடார் வேலி முளைப்பதில்லை. அவையும் தீர்ந்தபின், தொழிலார் கலிபோர்னியா மலைகளில் வளரும் நறும்புகைச் சிடார் என்னும் வேறொரு மரத்தை நாடினர். அதுவும் சீவுதற்கு இனியதே. ஆனால் அத்துணைச் செந்நிறமும் பழகிய மணமும் அதற்கு இல்லை. வாங்குவோர் சிவந்த பென்சிலையே நல்லதென்று நம்பியிருந்தமையால், புதுமரத்திற்குச் செஞ்சாயம் ஏற்றி, மணமும் ஊட்டி விற்றனர்! மரத்தை அழித்தபின் மரத்தின் வேடத்தை மட்டும் காப்பாற்றிய இச்செயலை நகைப்பதா, இரங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. காலப்போக்கில் அச்சாயமும் மணமும் தேவையற்றுப்போயின. மக்கள் பழைய மணத்தை மறந்தனர்.

நம் பாரத நாட்டில் இன்று பிள்ளைகள் கையாளும் பென்சில்களின் மரம் பெரும்பாலும் காசுமீரத்துப் பாப்ளர் ஆகும். புல்வாமா மாவட்டத்து ஊக்கூ என்னும் சிற்றூர் அறுத்தனுப்பும் பலகைகளைப் பற்றிப் பிரதமர் மோடி 2020-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் வானொலியுரையில் எடுத்துக் கூறியது அன்பர் சிலர்க்கு நினைவிருக்கலாம். பாப்ளர் விரைந்து வளர்வது. உழவரே நட்டு வளர்ப்பது. காட்டை நாடாமல் வயலை நாடிய வகையில் இது டென்னசிக் கதையிலிருந்து வேறுபட்டது.

ஷெல்பிவில்லின் மஸ்கிரேவ் ஆலை இன்றும் நடைபெறுகின்றது. 2019-ஆம் ஆண்டில் அவர்கள் மீண்டும் அப்பழைய செங்காழ் மரத்தாலேயே ஒரு பென்சிலைச் செய்து, டென்னசிச் சிவப்பு என்று பெயரிட்டு வெளியிட்டனர். அதற்குச் செஞ்சாயம் பூசவில்லை. மரத்தின் நிறமும் இழையும் தோன்றும்படியே விட்டிருக்கின்றனர். நம் முதிய தச்சரிடம் இச்செய்திகளை யான் கூறியபோது, அவர் வேலிக்கட்டையைப் பற்றியோ ஆலையைப் பற்றியோ ஒன்றும் வினவவில்லை. "அந்த மரத்தின் சீவல் ஒரு பிடி கிடைக்குமா? முகர்ந்து பார்க்க வேண்டும்" என்றார்.